‘அவர்களே’ அண்ணனின் ஏழு பேர் படை

தமிழ்நாட்டில் எத்தனையோ கட்சித் தலைவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால், தன் கட்சியின் கொள்கை என்ன என்பதை ஒரு மேடையில்கூடச் சொல்லி முடிக்காத தலைவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில் சாப்பிட்டும் இருக்கிறேன். விருத்தாசலத்தில் அவருக்குப் பெயர் ‘அவர்களே’. ரேஷன் கார்டில் வேறு ஏதோ இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். நான் அங்கே ஒரு சின்ன பீங்கான் பட்டறையில் சூப்பர்வைசர். கப்பு, சாசர், கொலு பொம்மை, கரண்ட் ஃபியூஸ் என்று எது ஆர்டர் வந்தாலும் சுட்டுக் கொடுப்போம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெட்டியோடு போய் இறங்கி, ஒரு தெருவில் அறை எடுத்தேன். எதிர்வீடு ‘அவர்களே’ அண்ணனுடையது. அவரும் எங்கள் பட்டறையில்தான், பொம்மைக்கு பிளாஸ்டர் அச்சு ஊற்றுகிற வேலை. தலைமுடி, புருவம், மீசை எல்லாவற்றிலும் எந்நேரமும் வெள்ளை மாவு படிந்திருக்கும். முதல் நாள் பார்த்தபோது அறுபது வயது என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்தபோது நாற்பத்தைந்து ஆகிவிட்டது.

அவருடைய கட்சிக்குப் பெயர் ‘முதுகுன்றம் மண் காப்புப் படை’. முதுகுன்றம் என்பது விருத்தாசலத்தின் பழைய பெயர். படை என்றால் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்கு மூட்டுவலி. ஒருவர் வாட்ச்மேன், கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவார். கொள்கை ஒரே வரிதான்: மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இல்லாதவன் எல்லாம் மூட்டையைக் கட்ட வேண்டும். கேட்கவே காது கூசுகிற கொள்கை. இப்போது எழுதும்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்படியிருந்தும் அந்த மனிதரை எனக்கு எப்படிப் பிடித்துப்போனது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கட்சி ஆரம்பித்தவர் கையோடு கொள்கையை அமலுக்கும் கொண்டுவந்தார். முதல் பலி நான். மாதம் பிறந்தால் முதல் தேதி காலையில் என் கதவைத் தட்டுவார். கார்பன் வைத்து எழுதிய ‘வெளியேற்ற அறிவிப்பை’ என் கையில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.

“தம்பி, முப்பது நாளு டைமு. கோச்சிக்காதீங்க, கட்சி முடிவு.”

“சரிங்கண்ணே.”

“டீ குடிச்சிட்டீங்களா? இல்லன்னா வாங்க, வூட்டுல போடச் சொல்றேன்.”

ஒரு மாதம் முட்டிக்கு முட்டி வலிக்கிற விஷக் காய்ச்சலில் கிடந்தேன். தேதி ஒன்று. ஒரு கையில் அறிவிப்பு, ஒரு கையில் கஞ்சி தூக்கு. என்னைத் தூக்கி உட்காரவைத்து, ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்து, கஞ்சி முழுவதையும் குடிக்கவைத்துவிட்டு, பிறகுதான் பேனாவை நீட்டினார். “அவசரம் ஒண்ணுமில்ல. காய்ச்சல் எறங்குனதும் காலி பண்ணா போதும்” என்றார். இருபத்து நான்கு மாதம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னைத் துரத்த வேண்டும் என்று ஒருத்தர் அவ்வளவு அக்கறையாக இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

உள்ளூர் எதுவரைக்கும் என்று தீர்மானிக்க அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு செயற்குழு நடந்தது. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் பார்வையாளனாக என்னையும் கூப்பிட்டிருந்தார். ஒருவர் ஊர் பெயர்களைப் படிக்கப் படிக்க, அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

“கருவேப்பிலங்குறிச்சி?”

“உள்ளூருதான். சந்தைக்கும் வராங்க, சாவுக்கும் வராங்க.”

“பெண்ணாடம்?”

அண்ணன் நெற்றியைச் சொறிந்தார். “கரும்பு வெட்டு முடியற வரைக்கும் உள்ளூரு. அப்பறம் பேசிக்கலாம்.”

“சேத்தியாத்தோப்பு?”

“அது வெளியூரு. அதுல சந்தேகமே வேணாம்.”

அடுக்களையில் ஒரு பாத்திரம் தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. அண்ணி பிறந்த ஊர் சேத்தியாத்தோப்பு. கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றார். “அப்ப இன்னிக்கி மத்தியானம் உள்ளூருக்காரங்க யாராச்சும் வந்து சோறு வடிச்சிப் போடுவாங்க. இருவத்திரண்டு வருசமா வெளியூருக்காரி கையால தின்னு பாவம் ஒடம்பே கெட்டுப்போச்சி இல்ல?”

தீர்மானம் அங்கேயே திருத்தப்பட்டது: ‘பெண் எடுத்த ஊர்கள் நீங்கலாக.’ ஏழு பேரும் ஆளுக்கொரு திசையில் பெண் எடுத்திருந்தார்கள். மாமியார் ஊர்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கட்சியின் உள்ளூர் எல்லை கிழக்கே கடற்கரையைத் தொட்டுவிட்டது. நல்ல வேளை, தஞ்சாவூரில் யாரும் பெண் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் மாதாந்திர டீ நின்றுபோயிருக்கும்.

அவரை மடக்கவேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “அண்ணே, மண்ணு மண்ணுன்னு சொல்றீங்க. நம்ம பட்டறைக்குள்ள இருக்கிற எந்த மண்ணும் இந்த ஊர் மண்ணு இல்லை. களிமண்ணு நெய்வேலிப் பக்கத்திலேர்ந்து வருது. மத்ததெல்லாம் அதையும் தாண்டி. நீங்க அச்சு ஊத்துற பவுடரே ராஜஸ்தான் சரக்கு.”

அவர் தன் வெள்ளைக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் வந்து, முடிவைச் சொன்னார்: “தம்பி, நல்லா யோசிச்சிட்டேன். மண்ணு வரலாம். மனுசந்தான் வரக்கூடாது.”

இப்படிப்பட்ட கொள்கை ஊருக்குள் பரவாமல் இருந்ததற்கு ஒரே காரணம் அண்ணனின் மேடைப் பழக்கம். பாலக்கரை முனையில் கூட்டம் போட மாலை ஒரு மணி நேரம்தான் போலீஸ் அனுமதி. நம் ஊர் மேடைகளில் பேச்சு என்றால் முதலில் ‘தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே’ என்று விளிக்கவேண்டும் அல்லவா? மற்றவர்கள் நாலு பெயர் சொல்லிவிட்டு ‘மற்றும் பெரியோர்களே’ என்று ஒரேயடியாக வாரிப்போட்டுவிடுவார்கள். அண்ணனுக்கு அது பாவம். பெயர் விட்டுப்போனால் மனிதர் மனசு நோகும் என்பார். மேடையில் இருப்பவர்களை முடித்துவிட்டு, டீக்கடையில் நிற்பவர்களை ஆரம்பிப்பார். “பெரியார் நகர் மளிகைக் கடை கலியபெருமாள் அவர்களின் மகனும், ஓய்வுபெற்ற ரயில்வே கேங்மேன் கொளஞ்சி அவர்களின் பேரனுமான, தற்போது பன்னு தின்றுகொண்டிருக்கும் பழமலை அவர்களே!” பழமலை பன்னை வைத்துவிட்டுக் கும்பிடுவார். பிறகு சைக்கிளில் போகிறவர், பஸ் ஜன்னலில் தெரிகிறவர். ஒருமுறை மேடைக்குப் பின்னால் ஒரு பசு வந்து நின்றது. அதன் சொந்தக்காரரை மூன்று தலைமுறையோடு விளித்தார். அதற்குள் ஏட்டு வந்து கையைத் தூக்கிக் காட்டுவார். “டைமு முடிஞ்சிடுச்சிங்க.” நன்றி வணக்கம். கொள்கை பத்திரமாக அண்ணனின் சட்டைப் பையிலேயே வீடு திரும்பும்.

அந்த ஏட்டு உளவுப் பிரிவு. எந்தக் கூட்டமானாலும் பேசியதை வரி விடாமல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பவேண்டியது அவர் வேலை. ஒருநாள் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “சார், நீங்க எதிர்வூடாச்சே, உங்களுக்குத் தெரியுமா? இவரு கட்சிக்கு என்னா கொள்கைன்னு மேல கேட்டுக்கிட்டே இருக்காங்க. எங்கிட்ட முந்நூறு ஆளுங்க பேருதான் இருக்குது.”

அத்தனை பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணப் பத்திரிகை. ஊரில் எந்த வீட்டுப் பத்திரிகையையும் விடமாட்டார். நமக்கு அதில் நாள், நேரம், மண்டபம் தெரிந்தால் போதும். அவர் தாத்தா பாட்டி பெயரிலிருந்து ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ சித்தப்பா வரைக்கும் எழுத்தெழுத்தாகப் படித்து, இரண்டு நீள நோட்டுகளில் தெருவாரியாக ஏற்றிக்கொள்வார். கருமாதிப் பத்திரிகை வந்தால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குக் கோடு. யார் உள்ளூர், யார் வெளியூர் என்று தனித்தனிப் பக்கமாகப் பிரிக்கத்தான் இந்த ஏற்பாடு. நடந்தது என்னவோ, ஊரில் யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக அவர்தான் போய் நின்றார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்தக் கட்சிக்குக் குமரேசன் என்று ஒரு புதுச் செயலாளர் வந்துசேர்ந்தான். இருபத்தாறு வயது, சுறுசுறுப்பு. தலைவர் மேடையில் சொல்லாத கொள்கையை நோட்டீசாக அடிக்கலாம் என்று யோசனை சொன்னான். அண்ணனுக்கும் ஆசைதான். தன் பெயரும் படமும் போட்ட நோட்டீஸ் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? சரி என்றுவிட்டார். ஊரெல்லாம் ஒட்டியாயிற்று: ‘வந்தேறிகளே, வெளியேறுங்கள்!’

நேரமும் அப்படி அமைந்தது. எங்கள் முதலாளி சூளை வேலையில் இருந்த இரண்டு உள்ளூர் ஆட்களை நிறுத்திவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு பீகாரிலிருந்து ராம்பிரவேஷையும் அவன் தம்பிகள் இருவரையும் கொண்டுவந்திருந்தார். வேலை போனது முதலாளியால். கோபம் போனது ராம்பிரவேஷ் மேல். அவன் மனைவி சுனிதாவுக்கு அப்போது ஏழு மாதம். பட்டறைக் காம்பவுண்டுக்குள்ளேயே பின்பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூளை எரிந்துகொண்டிருந்தது. நான், ராம்பிரவேஷ், தம்பிகள், அறைக்குள் சுனிதா. கேட்டுக்கு வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அறுபது எழுபது பேர். முன்னால் குமரேசன். சிலர் கையில் கட்டை, சிலர் கையில் நாங்கள் கழித்துப் போட்ட பீங்கான் ஓடு. நாலு மணி ரயிலில் அவர்களை ஏற்றிவிட வேண்டும், நீங்களாக அனுப்பாவிட்டால் உள்ளே வந்து இழுத்துப் போவோம் என்று கத்தினார்கள். முதல் கல் வந்து சுனிதாவின் அறைக் கூரையில் விழுந்தது. உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. பின்சுவர் ஏறிக் குதிக்கலாம். ஏழு மாதக்காரி எப்படிக் குதிப்பாள்?

போலீசுக்குப் போன் செய்தேன். வருகிறோம் என்றார்கள். அடுத்த போனை ஆத்திரத்தோடு எதிர்வீட்டுக்குப் போட்டேன். “அண்ணே, உங்க நோட்டீஸ் நல்லா வேலை செய்யுது. வந்து பாருங்க. உள்ள ஒரு புள்ளத்தாச்சி இருக்கா.”

பத்து நிமிடத்தில் சைக்கிளில் வந்தார். சட்டைகூட இல்லை, பனியன்தான். ஹேண்டில்பாரில் பேட்டரி மைக் தொங்கியது. கூட்டம் அவரைப் பார்த்ததும் “தலைவர் வாழ்க!” என்று கத்தியது. பாவம், வாழ்க்கையிலேயே அவருக்கு அவ்வளவு பெரிய கூட்டம் வாழ்க போட்டது அதுதான் முதல் முறை. அவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், அந்தக் கணத்தில் அவருக்குப் போன் செய்தது தப்போ என்று நினைத்தேன்.

கேட்டுக்கு முன்னால் உடைசலாகக் கிடந்த ஒரு கக்கூஸ் பீங்கானைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். கூரையில் ஓடு உடைந்திருந்ததைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த அழுகையைக் கேட்டார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“இந்த மாபெரும் கூட்டத்துக்கு வந்திருக்கும், தெற்கு வீதி தச்சர் ராமலிங்கம் அவர்களின் மகனும், மாட்டு வைத்தியர் பாவாடை அவர்களின் பேரனுமான சுப்பராயன் அவர்களே!”

சுப்பராயன் பெருமையோடு கும்பிட்டான். கூட்டம் கை தட்டியது.

“வலது கையில் கட்டை வைத்திருக்கும், புதுப்பேட்டை சலூன் முருகேசன் அவர்களின் இளைய மகன் சேகர் அவர்களே!”

சேகர் கட்டையைக் காலுக்குப் பின்னால் மறைத்தான். விருத்தாசலத்தில் ‘கொளஞ்சி’ என்று ஒரு குரல் கொடுத்தால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பெயர் சொன்னாலும் யாரென்று தெரியாது என்ற தைரியத்தில் ஒரு கொளஞ்சி முன்னால் நின்று ஓங்கிய கல்லோடு சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் அவனிடம் வந்தார். “ஆற்றங்கரைத் தெரு பால்காரர் பழமலை அவர்களின் மூத்த மகனும், வருகிற தை மாதம் பெண்ணாடத்தில் திருமணம் நிச்சயிக்கப்பட்டவருமான, சற்று முன் கல்லெடுத்த கொளஞ்சி அவர்களே! மணமகளின் தகப்பனார், சர்க்கரை ஆலை ஊழியர், இதைக் கேள்விப்பட்டால் எவ்வளவு மகிழ்ச்சி அடைவார்!”

கொளஞ்சியின் கையிலிருந்து கல் விழுந்தது. இதற்கிடையில் ஏட்டு ஒற்றை ஆளாக வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணன் மைக்கைப் பிடித்தால் அவர் நோட்டை எடுப்பது பழக்கம். எடுத்தார். எழுத ஆரம்பித்தார்.

அதைப் பார்த்ததும் கூட்டத்தின் ஓரம் கரையத் தொடங்கியது. “மரத்துக்குப் பின்னால் ஒதுங்கும் லாரி டிரைவர் மகன் மணி அவர்களே! முகத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டாலும் அப்பா மாதிரியே நடக்கும் சின்னதுரை அவர்களே!” என்று அவர் விடவில்லை. நாற்பது நிமிடம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அண்ணன் பெயர் சொல்லச் சொல்ல ஏட்டு எழுத எழுத, பெயர் வந்தவன் போய்விட்டான், வராதவன் வருவதற்குள் போய்விட்டான். கடைசியில் குமரேசன் மட்டும் நின்றான். “துரோகம் பண்ணிட்டீங்க தலைவரே” என்றான். “கட்சியின் செயலாளர் குமரேசன் அவர்களே” என்று மைக்கிலேயே சொன்னார் அண்ணன். அவனும் போனான்.

அவர் நிறுத்தவில்லை. பட்டறைப் பக்கம் திரும்பினார். “பீகார் மாநிலம், சிவ்நாத் அவர்களின் மகனும், பல்தேவ் அவர்களின் பேரனுமான ராம்பிரவேஷ் அவர்களே! சகோதரர்களே! சகோதரி சுனிதா அவர்களே!” அவர்கள் வந்த வாரமே, துரத்துவதற்காக விசாரித்து நோட்டில் எழுதி வைத்திருந்த பெயர்கள். “சுனிதா வயிற்றில் இருக்கும் குழந்தை அவர்களே!” என்றபோது குரல் உடைந்துவிட்டது. மைக்கைக் கீழே இறக்கினார்.

இறங்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் ராம்பிரவேஷும் பிடித்து உட்காரவைத்தோம். ராம்பிரவேஷ் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். “தலைவர் சாப், தண்ணி குடிங்க.” அண்ணன் செம்பை வாங்கவில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். “மன்னிச்சிக்கங்க. நோட்டீசு என்னுதுதான். குமரேசன் எழுதல, நாந்தான் எழுதுனேன்.” எவ்வளவு புரிந்ததோ, ராம்பிரவேஷ் செம்பை அவர் கையில் வைத்து அழுத்திவிட்டு, சூளையைப் பார்க்க ஓடினான். தீ யாருக்காகவும் காத்திருக்காது.

“பயந்துட்டீங்களா அண்ணே?” என்று கேட்டேன்.

“பயமா? தம்பி, அந்தக் கூட்டத்துல நாலு பேரு யாருன்னே எனக்குத் தெரியல. வெளியூரு போலருக்குது. குத்துமதிப்பா ஒரு அப்பன் பேரப் போட்டு வுட்டேன். எவனாச்சும் ‘இல்ல’ன்னு சொல்லியிருந்தா நான் காலி.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அப்போதுதான் அழுதிருப்பது தெரிந்தது.

மறுவாரம் படை அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது. கட்சிக்கு விரோதமாகப் பேசினாராம். ஏட்டு தன் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “வெறும் பேருதானங்க சொன்னாரு” என்று ஆச்சரியப்பட்டார். தலைவர் இல்லாமல் படை இரண்டு மாதம் நடந்தது, பிறகு படுத்துவிட்டது. அடுத்த முதல் தேதி அண்ணன் என் கதவைத் தட்டவில்லை. டீக்கு மட்டும் கூப்பிட்டார்.

சுனிதாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அண்ணி மருந்துப் பொடியோடு போனார், அண்ணன் நோட்டோடு போனார். ராம்பிரவேஷ், குழந்தையின் பெயரை அதில் எழுதச் சொல்லிக் கேட்டான். அண்ணன் உள்ளூர்ப் பக்கத்தைத் திருப்பினார், வெளியூர்ப் பக்கத்தைத் திருப்பினார், பேனா மூடியைக் கடித்தார். மூன்று தலைமுறை ஆகவில்லையே என்ற கவலை அந்த முகத்தில் இன்னும் மிச்சம் இருந்தது.

“எழுதுங்க சட்டுனு” என்று அண்ணி அதட்டினார். “மூணாவது தலமுறைன்னு ஒண்ணு வரணும்னா, மொத ஆளுன்னு ஒருத்தரு வந்துதான் ஆவணும்.”

உள்ளூர்ப் பக்கத்தில் எழுதினார். தன் கையெழுத்து அழகாக இல்லை என்று இரண்டு தடவை அடித்துவிட்டு, மூன்றாம் தடவை எழுதினார்.

அவர் கொள்கையின் அந்த ஒரு வரியை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டேன். அதன்பிறகு வேலை என்னை ஐந்து ஊர்களுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லா ஊரிலும் நல்ல மனிதர்கள்தான் இருக்கிறார்கள். எதிர்வீட்டில் அவர் இல்லை, அதுதான் குறை.